மலையே இல்லாத நம் ஊரில் கதைகள் எங்கிருந்து வந்தன?

வெட்டாற்றுப் பெண் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம், வெட்டாற்றங்கரையில் ஒரு சின்ன கிராமம். கல்யாணத்துக்குப் பிறகு ஜாவாத் தீவில், யோக்யகர்த்தாவில் இருக்கிறோம். இவருக்கு இங்கே துணி ஆலையில் வேலை.

காலையில் மாடிக்கதவைத் திறந்தால் வடக்கே மெராபி எரிமலை நிற்கும். ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். மழை விட்ட நாளில் உச்சியிலிருந்து மெல்லிசாகப் புகை போவது நன்றாகத் தெரியும். 2010இல் அது வெடித்தபோது 350 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மலைக்குக் காவலராக அரண்மனை நியமித்திருந்த பெரியவர் மபா மரிஜான், எல்லோரும் இறங்கச் சொல்லியும் இறங்காமல் அங்கேயே உயிரை விட்டார். இந்த ஊரில் அவரைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் குரல் தாழ்ந்துவிடும்.

இங்கே எதைத் தொட்டாலும் அந்த மலையில்தான் போய் முடிகிறது. மலைக்குள் ஆவிகளின் அரண்மனை ஒன்று இருக்கிறது என்பார்கள். சுல்தானின் அரண்மனையிலிருந்து ஆண்டுதோறும் மலைக்குத் துணிமணிகள் காணிக்கையாகப் போகின்றன. தெற்கே கடலில் இருக்கும் அரசிக்கும் அப்படியே. வடக்கே மலை, நடுவில் அரண்மனை, தெற்கே கடல் என்று ஒரே கோட்டில் வருகிற மாதிரி நகரத்தையே அமைத்திருக்கிறார்கள். பிரம்பானான், போரோபுதூர் கோயில்களின் கல் எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கறுப்புக் கல். மலையிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்டதை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். முந்திலான் என்ற ஊரில் இன்றும் அதே கல்லில் சிலை செதுக்குகிறார்கள். வயலில் நெல் செழிப்பதும் அது கொட்டிய சாம்பலால்தான். பழைய ஜாவா மொழியில் ‘தந்து பங்கலரன்’ என்று ஒரு நூல். ஆதியில் இந்தத் தீவு நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருந்ததாம். தேவர்கள் ஜம்புத்வீபத்திலிருந்து மகாமேருவைத் தூக்கி வந்து, தீவு ஆடாமல் இருக்க இங்கே வைத்தார்களாம். வரும் வழியில் உதிர்ந்த துண்டுகள்தான் மற்ற மலைகள். அடிக்கடி நிலம் நடுங்குகிற ஊரில் இப்படி ஒரு கதை பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் தெருவில் தோல்பாவை செய்கிற தாத்தா ஒருவர் இருக்கிறார். எருமைத்தோலைக் காயவைத்துச் சுரண்டி, சின்னச் சின்ன உளிகளால் பொட்டுப் பொட்டாகக் குத்தி எடுப்பார். போன வாரம் குனுங்கான் என்கிற மலைப்பாவையை என் கையில் கொடுத்தார். உச்சி கூராக அரச இலை மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் பெரிய மரம், அதன் கீழே மாளிகை வாசல், வாசலுக்கு இரண்டு பக்கமும் பூதங்கள் காவல். திருப்பினால் மறுபக்கம் முழுக்கச் சிவப்புத் தீ. கூத்து தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அந்த மலைதான் திரைக்கு நடுவில் நிற்கும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது தாத்தா கேட்டார்: “உன் ஊர் மலை எது?” எங்கள் ஊரில் மலை கிடையாது, கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான் என்றேன். அவர் நம்பவில்லை. “அப்படியானால் உங்கள் சாமி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?” என்றார்.

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அவர்களுக்கு மெராபி மாதிரி, டெல்டாவில் நம் கதைகளையும் பாட்டையும் சிலைகளையும் உண்டாக்கியது எது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்கு முழுதாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

குறுவை (பதில்):

அக்கா, திருவண்ணாமலையைச் சொல்லலாமே. அக்கினித் தலம். அது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சிவன் நெருப்புத் தூணாக நின்ற கதைக்கும் அதுவே காரணம் என்கிறார்கள்.

பாணத்துறை வாத்தியார் (பதில்):

முதலில் தம்பி குறுவைக்கு. திருவண்ணாமலை எரிமலை இல்லை. அது தென்னிந்தியாவின் மிகப் பழைய கடும்பாறை. எரிமலை வாய், குழம்பு ஓடிய தடம் எதுவும் அங்கே கிடையாது. இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கிற எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு. எரிமலைக் கல்லில் பிறந்த பெரிய கலை வேண்டுமானால் எல்லோராவைப் பாருங்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் ஓடிப் பரவிய குழம்பு அடுக்கடுக்காக இறுகிய பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து கைலாசநாதர் கோயிலை எடுத்தார்கள். நெருப்புத் தூண் கதை நம்மிடம் பெரும்பாலான சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவரிலேயே சிலையாக இருக்கிறது. அதற்கு எரிமலை தேவைப்படவில்லை.

இனி அம்மா கேட்டதற்கு வருகிறேன். நான் கும்பகோணத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இதைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எரிமலைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துப் பயந்தார்கள். நாம் குனிந்து பார்த்துப் பயந்தோம். நமக்கு எல்லாம் கொடுப்பதும் ஆறு, கெடுப்பதும் ஆறு. காவிரி நமக்கு மூன்று விதமாகப் பயம் காட்டும். அளவுக்கு மேல் வரும்; 1924 வெள்ளத்தைப் பற்றி என் தாத்தா காலத்து ஆட்கள் பேசிப் பேசி ஓயவில்லை. வராமலே இருந்துவிடும். மூன்றாவது, இருந்த இடத்தை விட்டு வேறு பக்கம் ஓடிவிடும். நம் தலபுராணங்களை எடுத்துப் பாருங்கள், இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும்.

வெள்ளத்துக்கு எங்கள் ஊரே சாட்சி. பிரளயம் வருகிறது என்று பிரம்மா அமுதத்தையும் படைப்பு வித்தையும் ஒரு குடத்தில் போட்டு மேருவில் வைக்கிறார். குடம் வெள்ளத்தில் மிதந்து தெற்கே வந்து இங்கே தட்டி நிற்கிறது. சிவன் வேடனாக வந்து அம்பு விட்டு உடைக்கிறார். அம்பு விட்ட இடம் பாணத்துறை, நான் குடியிருக்கும் பக்கம். குடத்தின் மேலிருந்த தேங்காய் ஒரு இடத்தில் விழுந்து லிங்கமாகிறது, வில்வம் ஒரு இடத்தில், உறி ஒரு இடத்தில், பூணூல் ஒரு இடத்தில். ஒவ்வொன்றுக்கும் ஊருக்குள் ஒரு கோயில். அமுதம் தேங்கியது மகாமகக் குளமாகிறது.

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்த மறுநாள் படுகைக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை கண்ணெதிரே தெரியும். யார் வீட்டுக் குடமோ நாணல் புதரில் மாட்டியிருக்கும். நெற்றுத் தேங்காய் ஒரு திட்டில் ஒதுங்கிக் கிடக்கும். வைக்கோல், விறகு, பாய், கயிறு என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில், மேலே மெழுகின மாதிரி வண்டல். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் வாரக்கணக்கில் வற்றாது. வெள்ளம் எதை எங்கே ஒதுக்கும் என்று பார்த்துப் பழகிய ஊர் சொன்ன கதை அது. ஆதிகும்பேசுவரர் கல்லால் ஆனவர் இல்லை. உடைந்த குடத்தின் ஓட்டையும் மணலையும் அமுதத்தில் குழைத்துச் சிவனே பிடித்து வைத்த லிங்கம் என்பது ஐதீகம். அதனால் அவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துவார்கள். மண்ணில் பிடித்த சாமிக்கு நீர் ஆகாது என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

சீர்காழியில் இன்னும் தெளிவு. ஊழிவெள்ளத்தில் சிவன் தோணியில் ஏறி வந்து தங்கிய இடம், அதனால் தோணியப்பர். கீழே பிரம்மபுரீசுவரர், நடுவில் தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர் என்று மூன்று தளம். தோணியப்பரைப் பார்க்கப் படியேற வேண்டும்.

ஆறு காணாமல் போவதற்குத் திருவலஞ்சுழி. காவிரி அங்கே வலமாகச் சுழித்து ஒரு பிலத்துக்குள், அதாவது பாதாளக் குழிக்குள், இறங்கி மறைந்துவிடுகிறது. சோழ ராஜா தவிக்கிறார். ஏரண்ட முனிவர் அந்தப் பிலத்துக்குள் தானே இறங்கி உயிரைக் கொடுத்த பிறகு ஆறு வெளியே வருகிறது. அம்மா சொன்ன மபா மரிஜானைப் படித்ததும் எனக்கு ஏரண்டர் நினைவுதான் வந்தது. ஒருவர் வரலாறு, ஒருவர் புராணம். ஆனாலும் இயற்கைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மனிதர் போய் நிற்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

சுல்தான் மலைக்குத் துணி அனுப்புகிறார் என்கிறீர்கள். ஆடியில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரிக்குப் புடவையும் மஞ்சளும் குங்குமமும் சீராகக் கொடுக்கிறார். தங்கைக்கு அண்ணன் சீர் கொடுப்பதாகச் சொல்வார்கள். அவள் அப்போது மசக்கையாக இருக்கிறாளாம், அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு கரைக்குப் போகிறார்கள். சூல்கொண்ட பெண்ணாக ஆற்றைப் பார்ப்பதற்குக் காரணம் வயலில் இருக்கிறது. ஆடியில் வருகிற செந்நிறப் புதுத்தண்ணீர்தான் அந்த வருஷத்து நெல்.

அப்புறம் அந்தத் தாத்தாவின் கேள்வி: சாமி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? இதற்கு நம்மிடம் நல்ல பதில் இருக்கிறது. மலை இல்லாததால் கட்டினோம். சுவாமிமலையில் மலையே கிடையாது. முருகனுக்கு மலை வேண்டும் என்று கட்டுமலை எழுப்பி, தமிழ் வருஷங்கள் 60-க்கும் கணக்காக 60 படி வைத்தார்கள். அதற்கு முன்பே கோச்செங்கட்சோழன் டெல்டா முழுக்க மாடக்கோயில்கள் கட்டியிருக்கிறார். ‘எண்தோள் ஈசற்கு எழில்மாடம் எழுபது செய்து’ என்று திருமங்கையாழ்வார் பாடுகிறார். யானை ஏற முடியாத உயரம் என்று அதற்குப் புராணம் சொல்லும். வெள்ளம் ஏறாத உயரம் என்றும் நான் சேர்த்துக்கொள்வேன், இது என் சொந்தக் கருத்து. கல்லும் நம் ஊரில் கிடையாது. பழைய கோயில்கள் செங்கல்லில் இருந்தன. செம்பியன் மாதேவியார் காலத்தில்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றளியாக மாறின. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு மலையைச் சமவெளியில் நிறுத்திப் பார்க்க அந்த ராஜாவுக்கு ஆசை இருந்திருக்கிறது. அதற்குத் தட்சிணமேரு என்றுதான் பெயர்.

இலக்கியத்தில் நம் நிலம் அதிகமாகக் காதால்தான் வருகிறது. சமவெளியில் தூரத்துக் காட்சி என்று ஒன்றும் இல்லை, மரமும் வரப்பும் மறைத்துவிடும். சத்தம்தான் தூரம் போகும். சிலப்பதிகாரக் கானல்வரியில் ‘உழவர் ஓதை மதகு ஓதை உடைநீர் ஓதை’ என்று வரிசையாக அடுக்குகிறார். உழுகிறவன் குரல், மதகில் தண்ணீர் இறங்குகிற சத்தம், கரை உடைத்து ஓடுகிற சத்தம், அதற்கு மேல் புதுப்புனல் விழாக் கூட்டத்தின் ஆரவாரம். இத்தனைக்கும் நடுவே ‘நடந்தாய் வாழி காவேரி’. சம்பந்தர் திருவையாற்றில் பாடியதும் சத்தம்தான்: பெண்கள் ஆட முழவு அதிர்கிறது, அதை இடி என்று நினைத்துக் குரங்குகள் பயந்து, மரத்தில் ஏறி மேகம் வருகிறதா என்று பார்க்கின்றன. மழைக்கும் தாளத்துக்கும் அவ்வளவு நெருக்கம். நாகஸ்வரமும் தவிலும் இந்த மண்ணில் ஊன்றி வளர்ந்ததில் எனக்கு வியப்பே இல்லை. நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகஸ்வரத்தை ராத்திரி சுவாமி புறப்பாட்டில் வாசித்தால், வயலுக்கு அந்தப் பக்கத்து ஊர் வரைக்கும் ராகம் தெரியும்.

குறுவை (பதில்):

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். நான் நீர்ப்பாசனப் பணியில் இருப்பவன். பிரளயக் கதை உலகம் முழுக்க இருக்கிறது. மதுரையிலும் இருக்கிறது, மலைநாட்டிலும் இருக்கிறது. டெல்டா நிலம்தான் இதை உண்டாக்கியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பாணத்துறை வாத்தியார் (பதில்):

நல்ல கேள்வி தம்பி. பிரளயம் பொதுக்கதைதான், அதை நாம் உண்டாக்கவில்லை. அது இங்கே வந்து எப்படி மாறியது என்று பாருங்கள். மற்ற இடங்களில் வெள்ளம் எல்லாவற்றையும் அழிக்கும், கடைசியில் ஒரு மலையுச்சி மிஞ்சும். கும்பகோணத்தில் மிஞ்சுவது ஒரு மண்குடம், ஒரு தேங்காய், ஒரு உறி, கொஞ்சம் மணல். விவரங்களில்தான் நிலம் பேசுகிறது. மயிலாடுதுறையில் ஐப்பசி முழுக்கத் துலா நீராடல், கடைசி நாள் கடைமுகம். நடக்க முடியாத ஒருவர் கடைமுகத்துக்குள் வந்து சேர முடியாமல் அழுகிறார். அவருக்காகக் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்து, முடவன் முழுக்கு என்று வைத்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தாமதமாக வந்தவனுக்கும் பங்கு உண்டு என்கிற கதை முறைப்பாசன ஊரில் வேர் பிடித்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

மெழுகுக்கரு (பதில்):

வணக்கம். நான் சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா, தாத்தா எல்லோருக்கும் இதே தொழில். ஐயா கதைகளைச் சொல்லிவிட்டார், நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

பஞ்சலோகத்தில் செம்பு முதற்கொண்டு ஒன்றும் இந்த மண்ணில் கிடைக்காது. எல்லாம் வெளியிலிருந்து வருவது. இங்கே கிடைப்பது காவிரிப் படுகை வண்டல் ஒன்றுதான். அந்த வண்டலுக்காகத்தான் இந்தத் தொழில் இங்கே தங்கியது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறோம். அளவுக்குத் தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தாளக் கணக்குக்குப் பிரித்துக்கொண்டால் முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எவ்வளவு என்று கிடைத்துவிடும். விரல், காது, மாலை எல்லாம் மெழுகிலேயே முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் பூசும் முதல் பூச்சுதான் உயிர். வண்டலை நன்றாகச் சலித்து, கருக்கிய உமியும் சாணமும் சேர்த்து மை மாதிரி அரைப்போம். இரண்டு விரல் நடுவில் வைத்துத் தேய்த்தால் ஒரு நெறுநெறுப்புக்கூடத் தட்டக் கூடாது. இதை மெழுகின் மேல் மெல்லிசாகத் தடவி நிழலில் காயவைக்க வேண்டும். வெயில் பட்டால் மெழுகு இளகும், பூச்சு வெடிக்கும். மெழுகில் நகம் பட்ட கீறல் இருந்தால் அந்தக் கீறலும் மண்ணில் பதியும், பிறகு உலோகத்திலும் வரும். அவ்வளவு நயமான மண். அதன் மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்து இரண்டாவது பூச்சு, பிறகு இன்னும் கெட்டியாக, கடைசியில் கம்பி கட்டு.

வரட்டி அடுக்கிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெறும் இடம். அச்சை நிலத்தில் புதைத்து நிறுத்தி, உருகின உலோகத்தை மூச்சு விடாமல் ஒரே சீராக ஊற்ற வேண்டும், நடுவில் நின்றால் ஒட்டுத் தெரியும். ஆறின பிறகு அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சில் ஒரே ஒரு சிலை. பிறகு அந்த மண் திரும்ப மண்ணோடு போகும்.

ஜாவாவில் மலை தந்த கல்லை உளியால் கழித்துக் கழித்து உருவம் எடுக்கிறார்கள். இங்கே ஆறு தந்த மண்ணை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி உருவம் எடுக்கிறோம். ஆறும் இந்த டெல்டாவை அப்படித்தான் செய்திருக்கிறது, பூச்சுக்கு மேல் பூச்சு. மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. நல்ல மண் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டால் நாங்கள் சேர்த்து வைத்துக்கொள்கிறோம். இதை யாராவது கவனிக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1951 வாக்கில் திருவெண்காட்டில் பூமியைத் தோண்டும்போது ரிஷபவாகனர் கிடைத்தார். 1011இல் வார்த்தது, இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். காளை இல்லை, காளையின் மேல் கை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற நிலை மட்டும் இருக்கிறது. அந்தத் தலைப்பாகையைப் பாருங்கள், பாம்பை மடித்துச் சுற்றின விதத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் உலகத்தில் அதற்கு மேல் ஒரு வார்ப்பு கிடையாது. படையெடுப்புக் காலங்களில் இப்படிப் புதைத்து வைத்த சாமிகள் டெல்டா முழுக்கக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. வார்த்ததும் மண், காத்ததும் மண்.

தரங்கம்பாடி அலை (பதில்):

எல்லோரும் ஆற்றையே பேசுகிறீர்கள். கடலை விட்டுவிட்டீர்களே. எங்களுக்கு எரிமலை என்றால் கடல்தான். சொல்லாமல் வரும்.

எங்கள் ஊர் மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாண்டியர் கட்டியது. முன்பகுதி முழுக்கக் கடல் கொண்டுபோய்விட்டது. சின்ன வயதில் அந்த இடிபாட்டின் மேல் உட்கார்ந்து அலை வந்து கல்லில் அறைவதைப் பார்ப்பேன். அதனால் பூம்புகார்க் கதை எனக்குப் படித்துத் தெரிந்த கதை இல்லை. மணிமேகலையில், நாகநாட்டுப் பெண் அனுப்பின குழந்தை வந்த கப்பல் உடைந்துபோகிறது. சோழ ராஜா பிள்ளையைத் தேடிக் கடற்கரையெல்லாம் அலைகிறார். அந்தத் துயரத்தில் இந்திர விழா எடுக்க மறந்துவிடுகிறார். சாபம் விழுந்து கடல் ஊரைக் கொள்கிறது. ஒரு அப்பாவின் துயரத்தால் ஊரே போன கதை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அதை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பிள்ளையைத் தேடிக் கரையோரமாக நடந்த அப்பாக்களை நான் பார்த்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தக் கரையில் எந்த மதத்துச் சாமியானாலும் கதை ஒன்றுதான்: கப்பலும் புயலும். மணிமேகலா தெய்வம் கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்றும். வேளாங்கண்ணியில் புயலில் மாட்டிப் பிழைத்த போர்ச்சுகீசிய மாலுமிகள் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள். நாகூர் ஆண்டவர், நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்பார்கள். மூன்று இடத்துக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் போவோம். கடலுக்குப் போகிற வீட்டில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்புறம் சகோதரிக்கு ஒரு தகவல். நீங்கள் இருக்கும் தீவுக் கூட்டத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் பழைய உறவு உண்டு. ஸ்ரீவிஜய ராஜா மாறவிஜயோத்துங்கவர்மன் நாகையில் சூடாமணி விகாரம் எடுத்தார். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார். அதைச் சொல்லும் செப்பேடு இப்போது லெய்டன் நகரத்துப் பெயரால் அறியப்படுகிறது. நெருப்பு மலைகள் இருக்கிற தீவுகளிலிருந்து வந்தவர்கள் மலையே இல்லாத நம் கரையில் இறங்கி, என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு ஆசையாக இருக்கும்.

வெட்டாற்றுப் பெண் (பதில்):

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அலை அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தாத்தாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டுமலையும் 60 படியும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தங்கைக்குச் சீர் என்றதும் எழுந்து உள்ளே போய் அவர் மனைவியைக் கூட்டிவந்து மறுபடி சொல்லச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, “நாளைக்குச் சம்பிசாரிக்கு வா” என்றார்.

சம்பிசாரி ஊருக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் ஒரு சிவன் கோயில். மெராபி கக்கியதும் மழையில் இறங்கிய சேறும் மூடி, ஆறரை மீட்டர் ஆழத்தில் கிடந்திருக்கிறது. 1966இல் ஒரு விவசாயி மண்வெட்டியால் கொத்தும்போது கல்லில் பட்டு வெளியே வந்தது. இப்போது பெரிய குழி மாதிரித் தோண்டி வைத்திருக்கிறார்கள், படியிறங்கித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். கோபுர உச்சி வயல் மட்டத்துக்குச் சரியாக நிற்கிறது. மழை பெய்தால் குழியில் தண்ணீர் தேங்கிவிடும் என்பதால் சுற்றிலும் வடிகால் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே லிங்கம். வெளிச்சுவரில் மூன்று மாடம். வடக்கே துர்க்கை, கிழக்கே பிள்ளையார். தெற்கு மாடத்தில் தாடியும் தொந்தியுமாக ஒரு முனிவர், பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அகத்தியர். ஜாவாக் கோயில்களில் தெற்கு மாடம் அவருடையதாம், பிரம்பானானிலும் அப்படியே. ‘கரகம் கவிழ்த்த காவிரிப் பாவை’ என்று மணிமேகலைப் பதிகத்தில் வருகிறதே, அந்தக் கரகத்துக்குச் சொந்தக்காரர். காக்கையாக வந்து அதைத் தட்டிவிட்ட பிள்ளையாரும் அடுத்த சுவரில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரையும் எரிமலை அத்தனை காலம் மண்ணுக்குள் வைத்திருந்திருக்கிறது. அங்கேயே நின்று தாத்தாவுக்குக் காக்கைக் கதையைச் சொன்னேன். அவர் பிள்ளையாரைப் பார்க்கிறார், அகத்தியரைப் பார்க்கிறார், சிரிக்கிறார்.

வாத்தியார் ஐயா, ஒரு கேள்வி. அகத்தியர் இங்கேயும் தெற்கில்தான் இருக்கிறார், நமக்கும் தெற்கே வந்தவர். இது நம்மிடமிருந்து போனதா?

மெழுகுக்கரு அண்ணா, அடுத்த வருஷம் ஊருக்கு வரும்போது தாத்தாவையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வார்ப்புப் பார்க்க முடியுமா? எப்போது வந்தால் நல்லது?

பாணத்துறை வாத்தியார் (பதில்):

அம்மா, நம்மிடமிருந்துதான் போனது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அகத்தியரை வடக்கேயும் கும்பிட்டார்கள், தெற்கேயும் கும்பிட்டார்கள். கடல் வழியாகப் பலரும் போய் வந்திருக்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வடக்கும் தெற்கும் சமமாக இல்லாமல் பூமி சாய்ந்தபோது தெற்கே அனுப்பப்பட்டவர் அகத்தியர். ஆடிக்கொண்டிருந்த தீவை நிறுத்த மேருவைக் கொண்டுவந்தார்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். பூமியை நிலைநிறுத்துகிற முனிவருக்கு அந்த ஊர்ச் சிவன் கோயில்களில் மாடம் வைத்ததில் நியாயம் இருக்கிறது. நம்மிடம் வந்தபோது அதே முனிவரின் கையில் தண்ணீர்தான் பெரிதாகத் தெரிந்தது. தாத்தா கும்பகோணம் வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. 2028இல் மகாமகம் வருகிறது. அதுவரை காத்திருக்க முடிந்தால் அதையும் பார்க்கலாம், கூட்டத்துக்கு நான் பொறுப்பு இல்லை.

மெழுகுக்கரு (பதில்):

தாராளமாக வாருங்கள் அக்கா. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழையில் அச்சு காயாது, வேலை தள்ளித் தள்ளிப் போகும். தை பிறந்த பிறகு வந்தால் நன்றாக இருக்கும். ஊற்றுவதற்கு நாள் பார்ப்போம். அது முன்கூட்டியே தெரியாது, அதனால் ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். தாத்தா தோலில் பொட்டுக் குத்துகிற உளிகளில் ஒன்றிரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். நாங்கள் சிலைக்கு நகாசு வேலை செய்கிற உளிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.